பாதங்கள் பசியாறிய மல்லாட்டைக் கொல்லை

தாழம்பட்டில் அந்த ஆடி மாதம், கோதாவரியின் நிலக்கடலைக் காட்டில், அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டைக் கொல்லையில், வெறுங்காலோடு களை வெட்டிய பெண்கள் யாருக்கும் மதியம் பசி எடுக்கவில்லை. முதல் நாள் அதை ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லவில்லை. காலையில் குடித்த கூழ் இன்னும் வயிற்றில் நிற்கிறது என்று ஒருத்தி நினைத்துக்கொண்டாள், வெயில் மந்தம் என்று இன்னொருத்தி நினைத்துக்கொண்டாள், வேப்பமரத்தடியில் தூக்குவாளிகள் மூடி திறக்கப்படாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன, சாயங்காலம் அவை அப்படியே கனமாக வீட்டுக்குத் திரும்பிப் போயின. இரண்டாம் நாள், ஊரிலேயே நன்றாகச் சாப்பிடக்கூடியவள் என்று பேர் வாங்கிய பூங்காவனம் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு இன்னாமோ ஆயிடுச்சுடி. மணி ரெண்டு ஆவுது, பசிக்கல. எங்கம்மாவுக்கும் சாவறதுக்கு முன்ன இப்படித்தான் பசிக்காம இருந்துது."

"எனக்கும் பசிக்கலியே" என்றாள் பக்கத்து வரிசைக்காரி.

"எனக்குந்தான்."

"எனக்கு நல்லாத்தான் பசிக்குது" என்றாள் அஞ்சலாட்சி, வாயில் சோற்றோடு. அவள் மட்டும்தான் காலில் முள் குத்திப் புண்ணாகி, மகனுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு களை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவள் காலைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பூங்காவனம் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய் அஞ்சலாட்சியின் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அஞ்சலாட்சி நல்ல காலை மட்டும் மண்ணில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த கவளத்தைத் திரும்பத் தூக்குவாளியில் போட்டுவிட்டு, விருந்துக்குப் போய்வந்தவளைப் போல ஒரு ஏப்பம் விட்டாள். அதோடு விஷயம் தீர்ந்தது. சாகப்போவதில்லை என்று தெரிந்ததில் பூங்காவனம் சந்தோஷமாகிவிட்டாள், பெண்கள் மீதிக் களையை வெட்டி முடித்தார்கள்.

கோதாவரிதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் கிளறிப் பார்க்கும் புத்தி. பால் ஏன் தயிராக உறைகிறது, எறும்பு ஏன் வழியில் நின்று நின்று முட்டிக்கொள்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சின்ன வயதிலேயே திட்டு வாங்கியவள். பசியைக் கொல்லை தீர்க்கிறது என்பதைவிட, யார் சொல்லி அது தீர்க்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. யோசித்துப் பார்க்கையில், விதைப்புக்கு முந்தின நாள் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று பட்டமாக அந்தக் கொல்லை மஞ்சளாகவே நின்றது. செடி வரும், இலை வெளுக்கும், பிடுங்கினால் பாதிக் காய் பொக்கு. இந்தத் தடவையும் மஞ்சளானால் கொல்லையில் சவுக்கு நட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவது என்று அவள் புருஷன் தாண்டவராயன் முடிவு செய்திருந்தான். அவனுக்கு அதில் கோபமோ வருத்தமோ இல்லை, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவனைப் போலச் சொன்னான். கோதாவரி ஒரு தடவை அங்கே போய் இருந்தவள். தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, குச்சியை வைத்துக் கீறினால் ஒன்றும் வெளியே வராத பூமி. அங்கே போனால் தான் ஊமையாகிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் வேளாண்மை ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஹேமாவதி என்ற இளம்பெண் கறுப்புப் பொடி அடைத்த ஒரு பொட்டலத்தை நீட்டியதும், மற்றவர்கள் யோசிக்கும்போதே இவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"உரம் இல்லக்கா இது. உயிரு" என்று ஹேமாவதி சொன்னாள். "கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்குல இருக்குது. ஆறின கஞ்சியில கலந்து விதைமேல பூசி, நெழல்ல ஒலர்த்திட்டு வெதைங்க. வேருல போய் தங்கிக்கும். சூடு ஆவாது, வெயில் ஆவாது, மருந்து கலக்கக் கூடாது."

மருந்து கலக்கவில்லை, வெயிலில் வைக்கவில்லை. ஆனால் தாழம்பட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கோதாவரி செய்தாள். உயிருள்ளவர்கள், அதுவும் கோடிப்பேர், வெளியூரிலிருந்து பொட்டலத்தில் அடைபட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெறுங்கஞ்சி ஊற்றுவது எப்படி? கஞ்சியில் ஒரு கட்டி வெல்லத்தை உடைத்துப் போட்டாள். பொட்டலத்தைக் கிழிக்கும் முன் அதன்மேல் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். அந்த ஊரில் புது மருமகள் வாசல் ஏறும்போது வீட்டிலுள்ள பெண் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று உண்டு, அது தானாக அவள் வாயில் வந்துவிட்டது: "இனிமே இது உங்க வூடு. இங்க காலு வச்சவங்க பசியோட திரும்பக் கூடாது, பாத்துக்குங்க."

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியான மணி அடித்ததும் கொல்லைக்கு ஓடிவந்து வரிசைகளுக்கு இடையில் ஒற்றைக்காலில் நின்று, எந்தக் காலில் சீக்கிரம் வயிறு நிறைகிறது என்று பந்தயம் கட்டினார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள்கள் இனி யார் தயவும் வேண்டாம் என்று நேராக இங்கே வந்து நின்றார்கள், சற்று நேரத்தில் மாமியார்களும் வந்து அடுத்த வரிசையில் நின்றார்கள், சண்டை இங்கே தொடர்ந்தது. ஊர் நாய்கள் கொல்லையைக் குறுக்கே கடந்து கடந்து கொழுத்துப் போய், குரைக்கத் தேவையில்லாமல் வரப்பில் படுத்துக் கிடந்தன. வீட்டுக்குள் போகும்போது கால் கழுவிப் பழகியவர்கள் இப்போது கொல்லைக்குள் இறங்கும்போது கால் கழுவினார்கள். "கால் கழுவிட்டு வா" என்றால் சாப்பிட வா என்று அர்த்தமாகிவிட்டது. நின்று முடித்தவர்கள் உடனே மண்ணைத் தட்டிவிடுவது மரியாதையில்லை என்றும் ஒரு வழக்கம் ஏற்பட்டது, அதை யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை.

கிருத்திகைக்கு விரதம் இருந்த பெண்கள் களை வெட்டப் போகலாமா கூடாதா என்று ஒரு பெரிய கேள்வி எழுந்தது. முருகன் கோயில் பூசாரி தணிகாசலம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கினால் விரதம் முறியாது என்று தீர்ப்புச் சொன்னார். "அப்ப வெறுங்காலோட நின்னா அது சாப்பாடா, பிரசாதமா?" என்று பூங்காவனம் மடக்கினாள். "நின்னு பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி இறங்கியவர், அதற்குப் பிறகு தினமும் பார்த்துக்கொண்டே இருந்தார். சைக்கிள் கடை பாஷா பாய் நோன்பு வைக்கும் நாட்களில் கொல்லையைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகவே போனார், மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போரமாகக் காலை வைத்தார். சர்க்கரை வியாதி இருப்பவர்கள் நிற்கலாமா என்று ஹேமாவதிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவள் டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

சுவையைப் பற்றித்தான் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. உள்ளங்காலில் சுவை தெரிகிறது என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மழைக்குப் பிறகு கேழ்வரகுக் களி மாதிரி இருக்கிறது என்று பூங்காவனமும், இல்லை, பருப்புக் கடைசல் என்று அஞ்சலாட்சியும் அடித்துக்கொண்டார்கள். பரோட்டாக் கடை கண்ணாயிரம் முதல் வாரம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம் கொல்லைக்குப் பக்கத்திலேயே தட்டி கட்டிக் கடை போட்டான். வயிறு நிறைந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. மென்று தின்ன ஏதாவது வேண்டும், விழுங்கும்போது தொண்டையில் ஏதாவது தெரிய வேண்டும் என்று நிறைந்த வயிற்றோடு வந்து அவனிடம் முறுக்கும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கினார்கள். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது.

சிலர் அன்னக்கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய், வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பேசினில் கொட்டி, அதில் நின்று பார்த்தார்கள். தெரு முழுக்க ஆட்கள் பேசினில் நின்றுகொண்டிருந்த அந்தக் காலை நேரத்தைக் கோதாவரி நடந்துபோய்ப் பார்த்தாள். ஒருவருக்கும் நிறையவில்லை. கொல்லையில் வேலை செய்வது பேசினில் ஏன் செய்யவில்லை? அவளுக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. கொல்லைக்கு வந்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்தாள். தூரத்துக் கல்யாணத்தில் பந்தி நடப்பதுபோலக் கேட்டது: கரண்டிகள், இலைகள், யாரோ யாரையோ இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லும் சத்தம்.

அப்படிப் படுத்திருக்கும்போதுதான் கொல்லையின் கிழக்கு மூலையில், பிரண்டை படர்ந்த வேலி ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ரஞ்சிதத்தை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

ரஞ்சிதம் அவளுடைய ஓரகத்தி, தாண்டவராயனின் தம்பி பெண்சாதி. பாகம் பிரித்த அன்று இரண்டு பெண்களும் நடுவாசலில் நின்று பேசிய பேச்சில், "எங்க வூட்டுச் சோத்தத் தின்னுத்தானே இந்த வாயி" என்று கோதாவரி சொல்லிவிட்டாள். "இனிமே உன் அடுப்புல வெந்தது எதுவும் என் வாயில படாது" என்று ரஞ்சிதம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்துகொண்டு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தம்பிக்காரன் பெங்களூருக்குப் போனான், முதலில் போன் வந்தது, பிறகு போனும் வரவில்லை. ரஞ்சிதம் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கும் வாசனை வந்து எவ்வளவு நாளாகிவிட்டது என்பது, மண்ணில் படுத்திருந்த கோதாவரிக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களுக்கு இந்தக் கொல்லை வேடிக்கை. ரஞ்சிதத்துக்கு இதுதான் சாப்பாடு. மண் யாருடைய அடுப்பிலும் வேகவில்லை என்பதால் அவளால் இதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. கோதாவரி சத்தமில்லாமல் எழுந்து, பார்க்காதவளைப் போல வந்துவிட்டாள்.

மஞ்சள் பூ வந்த பிறகு ஹேமாவதி வந்தாள். ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கி நின்றாள். பிறகு, "மத்தியானத்துக்கு லெமன் சாதம் கொண்டாந்தேங்கா. வேணாம்போல இருக்குது" என்றாள். இருவரும் ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்கினார்கள். வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை ஹேமாவதி நகத்தால் கிள்ளினாள், உள்ளே ஈறு மாதிரி ரோஜா நிறமாக இருந்தது.

"இதுக்குள்ளதான் அதுங்க இருக்குதுங்க. செடி இதுங்களுக்கு சக்கரை குடுக்குது. இதுங்க காத்துல இருக்கற சத்தப் புடிச்சி செடிக்குக் குடுக்குதுங்க. குடுக்கல் வாங்கல்."

"அதான் வேரு இல்லாத பேசின்ல ஒண்ணும் நடக்கல" என்றாள் கோதாவரி. அவளுக்கு அது புரிந்ததில் அவ்வளவு சந்தோஷம். உடனே அடுத்தது தோன்றிவிட்டது. "அப்ப எங்க காலயும் வேருன்னு நெனச்சிதான் போடுதுங்க. சரி. வேரு சக்கரை குடுக்குது. எங்க காலு இன்னாத்தக் குடுக்குது?"

ஹேமாவதி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "தெரியலக்கா. புத்தகத்துல காலப்பத்தி ஒண்ணும் போடல." பிறகு கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். பச்சை அப்படியொரு பச்சை. ஆனால் வரிசைகளுக்கு இடையில் மண் மிதிபட்டு, அடித்துப் போட்ட களம்போல இறுகிக் கிடந்தது. "அக்கா, நல்லாக் கொத்தி மண் அணைச்சுடுங்க. அதுக்கப்புறம் யாரும் காலு வைக்கக் கூடாது. பூவுல இருந்து ஊசி எறங்கி மண்ணுக்குள்ள போனாத்தான் காயி. மண்ணு பொலபொலன்னு இல்லன்னா ஊசி நொழையாது. இவ்ளோ பச்சையும் வெறும் தழைதான்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தாண்டவராயன் கணக்காகச் சொன்னான்: "காயில்லன்னா சவுக்குதான், கோதாவரி. நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

மறுநாள் மண் அணைத்துவிட்டு அவள் ஊருக்குள் போனாள், இனி யாரும் வரவேண்டாம் என்று சொல்ல. தாழம்பட்டில் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முறை உண்டு, வெற்றிலை பாக்கு உண்டு, யார் வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்பதுகூட உண்டு. சாப்பிட வராதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு முறையும் கிடையாது. அவள் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். பூங்காவனம் மோர் கொடுத்து, "உன் புண்ணியத்துல என் பேத்திக்குச் சதை போட்டிருக்குது பாரு" என்று பிள்ளையின் கன்னத்தைக் காட்டினாள். பூசாரி, "வாம்மா அன்னபூரணி" என்றார். அஞ்சலாட்சி தன் காலில் புண் ஆறியதைக் காட்டினாள். கோதாவரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எல்லாரிடமும், "நாளைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நீ நிறுத்தப் போனியா, அழைக்கப் போனியா?" என்றான் தாண்டவராயன்.

அவன் வேலிகாத்தான் முள்ளை வெட்டிவந்து கொல்லையைச் சுற்றிப் போட ஆரம்பித்தான். கிழக்கு மூலைக்கு வந்தபோது கோதாவரி குறுக்கே போய் நின்றாள்.

"இங்க மட்டும் வுட்டுடு மாமா."

"எதுக்கு?"

"வுட்டுடேன்."

அவன் அந்த மூலையையும் பிரண்டையையும் பார்த்தான். அது யார் நிற்கும் இடம் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "ஒருத்தருக்கு வழி வுட்டா ஊரே அதுல வரும்" என்று சொன்னான், ஆனாலும் விட்டான்.

ஊரே அதில் வந்தது. முள்வேலியைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஆடு மாட்டுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். இவ்வளவு பெரிய வேலியில் ஆள் நுழைய ஒரு வழி விட்டிருப்பதைப் பார்த்து, கோதாவரிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பேசிக்கொண்டார்கள். கிழக்கு மூலை சந்தையாகிவிட்டது. ரஞ்சிதம் ஒரு நாள் தூரத்தில் வந்து நின்று கூட்டத்தைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் வீட்டுக் கதவே திறக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கோதாவரி குழம்பு கூட்டும்போது கரண்டியை மெல்ல வைத்தாள், வாணலியை மூடிவைத்தாள், சத்தமும் வாசனையும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று. ஒரு தடவை கிண்ணத்தில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு ரஞ்சிதத்தின் கதவு வரைக்கும் போனாள். கதவைத் தட்டக் கை வரவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் இந்தக் கிண்ணத்தை எந்தக் கையால் தூக்கிக்கொண்டு திரும்புவது?

ஊசி இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் தாழும் நேரத்தில். பூசாரி தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர், கட்டைவிரலில் ஏதோ குறுகுறுக்கிறது என்று குனிந்து பார்த்தார். உதிர்ந்த பூவின் அடியிலிருந்து ஒரு ஊதாநிற ஊசி, நூல் கனத்தில், இறங்கி வந்து அவருடைய கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கண் தெரியாதவர் கைத்தடியால் படியைத் தேடுவதுபோல. பக்கத்தில் பூங்காவனத்தின் பாதத்தின்மேல் மூன்று வந்துகொண்டிருந்தன. எல்லாரும் குனிந்தார்கள். கொல்லை முழுக்க ஊசிகள் இறங்கிக்கொண்டிருந்தன, பாதி மண்ணைத் தேடி, பாதி கால்களைத் தேடி. எங்க காலு இன்னாத்தக் குடுக்குது என்று தான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதைக் கோதாவரி பார்த்தாள். கொல்லை அவர்களுக்குச் சாப்பாடு போட்டது, இப்போது பிள்ளையை வைக்க இடம் கேட்டது.

"நம்மள மண்ணுன்னு நெனச்சிடுச்சி" என்றாள் பூங்காவனம் மெதுவான குரலில்.

"கால எடுங்க எல்லாரும்" என்றார் பூசாரி. "மெதுவா. தொடாத கால மொதல்ல எடுங்க."

மல்லாட்டை பயிர் செய்கிற ஊர் அது. ஊசி அறுந்தால் காய் போச்சு என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கொக்குகளைப் போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வெளியே வந்தார்கள். வந்தவர்கள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, ஓரமாகக் குனிந்து, கை எட்டிய வரைக்கும் தாங்கள் மிதித்த மண்ணைத் தாங்களே கிளறி இளக்கிவிட்டார்கள். யாரும் யாரிடமும் வராதே என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. மறுநாள் தாழம்பட்டில் எல்லா வீட்டிலும் புகை எழுந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மென்று தின்றதில் பலருக்குத் தாடை வலித்தது. கண்ணாயிரம் தட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போனான்.

ரஞ்சிதத்துக்கு மட்டும் இது தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள், தெருவில் சத்தம் அடங்கியிருப்பதைக் கேட்டு, கூட்டம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்து, மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்து தன் மூலையில் நின்றாள். நாலைந்து நாள் பசி. கால் மண்ணில் பட்டதும் சுகமாக இருந்தது, நின்றபடியே கண் சொருகிவிட்டது.

மணி மூன்றுக்குமேல் கோதாவரி களை பார்க்க வந்தபோது அவள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள், கண் மட்டும் விழித்திருந்தது. இரண்டு புறங்கால்களின் மேலும், விரல் இடுக்குகளிலும், கணுக்கால் எலும்பைச் சுற்றியும் ஊசிகள் இறங்கியிருந்தன. மற்றவர்கள் நின்ற நேரத்துக்கும் இவள் நின்ற நேரத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். ஒவ்வொரு ஊசியின் முனையும் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோதாவரி அங்கேயே நின்றுவிட்டாள். ரஞ்சிதம் அவளைப் பார்த்தாள். நகர்ந்து போய்விட அவளால் முடியும், ஒரு எட்டு வைத்தால் போதும், அத்தனை நூலும் அறுந்துவிடும். கோதாவரியின் காயெல்லாம் போய்விடாது, இந்த மூலை மட்டும் போகும். ஆனால் அவள் கால் விரலைக்கூட மடக்கவில்லை.

"நவுந்தா அறுந்துடும்" என்றாள் ரஞ்சிதம், வேலியைப் பார்த்துச் சொல்வதுபோல.

"ஆமா."

"எவ்வளோ நேரம் ஆவும் இதுக்கு?"

"தெரியல. இந்த மாதிரி நான் பாத்ததில்ல."

"நீ எதத்தான் பாத்திருக்குற."

கோதாவரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "பசிக்குதா? மண்ணு இன்னும் போடுதா?"

ரஞ்சிதம் உள்ளங்காலைக் கவனிப்பதுபோல ஒரு நிமிஷம் இருந்தாள். "இல்ல. கண்ணு முழிச்சதுல இருந்தே ஒண்ணும் ஏறல. எல்லாம் அந்தப் பக்கம் போவுது" என்று கண்ணால் ஊசிகளைக் காட்டினாள். அவள் உடம்பு முன்னும் பின்னும் சாயத் தொடங்கியது. விழுந்தால் எல்லாமே போய்விடும், அவளும் சேர்த்து.

கோதாவரி வீட்டுக்கு ஓடினாள். தாண்டவராயன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் தம்பி பெண்சாதியின் பின்னால் வைத்துவிட்டு, தூரப் போய் வேலிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ரஞ்சிதம் காலை அசைக்காமல் மெல்ல உட்கார்ந்தாள். கோதாவரி கிண்ணத்தோடு எதிரில் மண்டியிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, அவள் அடுப்பில் வெந்தது. இந்தத் தடவை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. உருட்டினாள், நீட்டினாள். ரஞ்சிதம் வாயை இறுக்கிக்கொண்டு கவளத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், இந்தச் சின்னச் சின்ன நூல்களிடம் தான் இப்படி மாட்டிக்கொண்டதை நம்பமுடியாதவளைப் போல. கோதாவரியின் கை அப்படியே நின்றது, புறங்கையில் குழம்பு வழிந்தது, ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

மென்றாள். நிறைய நேரம் மென்றாள். "உப்பு இல்ல" என்றாள்.

"போட்டேனே."

"பத்தல. எப்பவுமே பத்தாது உனக்கு."

"யக்கோவ்னு கூப்ட்டு எடுத்துப் போட்டுக்கறதுதானே, சுவத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்குற."

"இன்னொரு வாய் குடு. பேச்சு அப்புறம்."

வேலிக்கு வெளியே தாண்டவராயனின் போன் அடித்தது. பெங்களூர் மேஸ்திரி. "இன்னும் சொல்ல முடியலண்ணே" என்று அவன் சொல்வது கேட்டது. "ஊசி எறங்கி நிக்குது. புடுங்கிப் பாத்துட்டுத்தான் எதுவும். இல்ல, இல்ல, நல்லாத்தான் இருக்குது. ஆள் வேணும்னா வேற ஊர்ல பாருங்க."

கிண்ணம் காலியானதும் கோதாவரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஈரமான பொலபொல மண்ணாகப் பார்த்து இரண்டு கையாலும் அள்ளி, ரஞ்சிதத்தின் பாதங்களின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குவித்தாள். செடிக்கு மண் அணைப்பதைப் போலவே, கணுக்கால் வரைக்கும். ஊசி முனைகள் மண்ணை முகர்ந்து, யோசித்து, ஒவ்வொன்றாகத் தோலை விட்டுவிட்டு அந்த மண்ணுக்குள் திரும்பின. "கூச்சமா இருக்குது" என்று ரஞ்சிதம் சிரித்தாள், சிரிப்பில் கால் ஆடிவிடக் கூடாது என்று கோதாவரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெயில் வேலி நிழலுக்குள் இறங்கும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு, தூங்கிவிட்ட பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோல, அவ்வளவு மெதுவாக, ரஞ்சிதம் முதலில் ஒரு காலையும் அப்புறம் இன்னொரு காலையும் மண்ணுக்கு அடியிலிருந்து உருவினாள். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.

கால் இருந்த இடத்தில் இரண்டு பொந்துகள் இருக்கும் என்று நினைத்துக் கோதாவரி குனிந்து, விரலை விட்டுப் பார்த்தாள். இல்லை. விரல் நுனியில் பிஞ்சுக்காய்கள் முட்டின, அதற்குள் அங்கே யாரோ குடிவந்திருந்தார்கள்.